ஏழு தட்டு

இருபத்து மூன்றாவது முறையாக அவர் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

திறக்க அங்கே வீடே இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவில், இரண்டு கட்டைகள் முட்டுக்கொடுக்க, ஒற்றைக் கதவு நிலையோடு நின்றுகொண்டிருந்தது. தாழ்ப்பாள்கூடப் போட்டிருந்தது. முன்னால் இவர், பின்னால் வெறும் காற்று.

"இது இல்லை" என்றது ஸ்பீக்கர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்தாளரம்மா உட்கார்ந்திருந்தார். 'பொடிசு வீட்டுக்கு வந்தது' எழுதியவர். ஐம்பது வருடமாகப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற புத்தகம். மழையில் மாட்டிக்கொண்ட பொடிசு ஒன்று, தவளையோடும் தெருவிளக்கோடும் பேசிக்கொண்டே வீடு வந்து சேரும். மூன்று தட்டு தட்டும். கதவு திறக்கும். அவ்வளவுதான் கதை. இப்போது கார்ட்டூன் படமாகிறது.

அந்தப் படத்துக்குச் சத்தம் போடுவது இவர் வேலை. பழைய செருப்பை வைத்து நடை, தகரத்தை ஆட்டி இடி, ஈரத்துணியைப் பிழிந்து தவளை. ஊரே சத்தக்காரர் என்றுதான் கூப்பிடும். அந்தம்மா இன்றைக்குத் தலையாட்டாவிட்டால், கம்ப்யூட்டரில் கிடக்கும் ஏதோ ஒரு தட்டலை எடுத்து ஒட்டிவிடுவார்கள். சத்தக்காரர் தன் மகளுக்கு அட்டை பிய்ந்துபோகும் வரை படித்துக் காட்டிய புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் எவன் கையோ விழுவதா?

டைரக்டர் பெண் மைக்கைப் பிடித்தாள். "அண்ணே, கல்லு உடைக்கிற மாதிரி விழுதுண்ணே."

"கல்லு உடைச்ச கைதாம்மா இது. இருபது வயசு வரைக்கும் குவாரிதான்."

"அதைக் கொஞ்சம் வீட்டுல கழட்டி வச்சுட்டு வரக் கூடாதா?"

எழுத்தாளரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, முட்டி போடுங்க. பிள்ளைக்கு அவ்வளவு உயரம் எட்டாது."

எழுபத்தெட்டு வயது அம்மா தன்னை 'ஐயா' என்றது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அவரை வாய் நிறைய 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டி போட்டுத் தட்டினார்.

"விரலை மடக்காதீங்க. உள்ளங்கை. நனைஞ்ச உள்ளங்கை."

வாளித் தண்ணீரில் கையை முக்கித் தட்டினார்.

"மைக்கை அந்தப் பக்கம் வைங்க. கதவுக்கு உள்பக்கம்."

மைக்கை மாற்ற டைரக்டர் பெண் ஓடி வந்தாள். "படத்துல நாம வெளிய நின்னுதானே பாக்குறோம்..." என்று முணுமுணுத்தவள், குனிந்து அவர் காதோடு சொன்னாள். "போகட்டும், அவங்க சொல்றபடியே செய்யுங்கண்ணே. அந்தப் பொடிசே அவங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. சின்ன வயசுல மழையில மாட்டிக்கிட்டாங்க போல. முதல் பக்கத்துல 'தம்பிக்கு'ன்னு போட்டிருக்காங்கல்ல, அவருக்குச் சொன்ன கதையா இருக்கும். தட்டின கைக்குத்தானே அந்தச் சத்தம் தெரியும்?"

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் ஸ்பீக்கர் பேசியது.

"மூணு தட்டு வேண்டாம். ஏழு."

"அம்மா, புத்தகத்துல மூணுதானே?" என்றார் சத்தக்காரர்.

"புத்தகத்துல மூணு." கொஞ்சம் விட்டு, "ஒவ்வொண்ணும் முன்னதைவிடக் கொஞ்சம் கீழ. மெதுவா."

தட்டினார். ஒன்று, முகத்துக்கு நேராக. இரண்டு. மூன்று, நெஞ்சுக்கு நேராக. ஐந்துக்கு வரும்போது உடம்பு தானாகக் கதவில் சாய்ந்திருந்தது. ஏழாவது தட்டு நிலைப்படிக்கு ஒரு சாண் மேலே விழுந்தபோது அவர் கன்னம் தரையில் கிடந்தது.

வீடு வந்து சேர்ந்த சந்தோஷத்தில் எந்தப் பிள்ளையும் இப்படித் தட்டாது என்று அவருக்குப் பட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஸ்பீக்கரில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் அசைந்தது. கதவு மெல்லத் திறந்தது. எழுத்தாளரம்மா ஒரு கையால் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார்.

"இதுதான்" என்றார்.

சத்தக்காரருக்கு மூச்சு வந்தது. டைரக்டர் பெண் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "எத்தனை வருஷமானாலும் தட்டின கை மறக்காதுன்னு சொன்னேன்ல! பாவம்மா நீங்க, அந்த மழையில எவ்வளவு நேரம் வெளிய நின்னீங்க?"

அந்தம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. தரையில் கிடந்த சத்தக்காரருக்குப் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, அவருடைய ஈரக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"தட்டினது என் தம்பி. தாப்பாளைப் போட்டுட்டு உள்ள எண்ணிக்கிட்டிருந்தது நான்."