கடைசிப் பந்தில் விழுந்த சுவிட்ச்

இன்னும் ஒரே பந்துதான் பாக்கி, நாலு ரன் வேண்டும்! டிவி முன்னால் வீடே எழுந்து நின்றது. பந்து வீசுபவன் ஓடி வந்தான், கையைச் சுழற்றினான். டப்! கரண்ட் போய்விட்டது.

"எவன்டா அது?" என்று அலறியது டிவி.

"வேற யாரு? வாசல் சுவத்துல இருக்கிற ட்ரிப் சுவிட்ச்தான்!" என்றது ஃபேன்.

"சும்மா சும்மா விழுறதே இவனுக்குப் பொழப்பு! கழட்டி எறியுங்க!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது, பின்பக்கம் இருந்த வாஷிங் மெஷின்.

"மேட்ச் எனக்குத் தெரியாது. அனுப்பின கரண்ட்ல கொஞ்சம் திரும்பி வரல, எங்கேயோ கசியுது. அதான் விழுந்தேன்" என்றது ட்ரிப் சுவிட்ச்.

"அந்தத் துளியூண்டு கரண்டுக்காகக் கடைசிப் பந்தைக் கெடுத்தியே, பாவி!" என்றது டிவி.

வீட்டுக்காரர் இளம்பரிதியும் திட்டிக்கொண்டே சுவிட்ச்சைத் தூக்கிவிடக் கை நீட்டினார். அதற்குள் பின்பக்கம் துணி எடுக்கப் போன மகள் மகிழினி ஈரக் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, போடாதீங்க! வாஷிங் மெஷினைத் தொட்டேன், சுரீர்னு இழுத்துச்சு. நல்லவேளை, உடனே விட்டுடுச்சு!"

நீட்டிய கை அப்படியே நின்றது. டிவி ஸ்கோரை மறந்துபோனது.

பின்பக்கத்திலிருந்து அதன்பிறகு சத்தமே இல்லை.