கடலோடு போன அப்பா

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேர, பட்ட கஷ்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஸ்டெபி பட்ட ஒரே கஷ்டம், போன கோடையில் ஏசி ரிப்பேரானது.

"ஏளா, பெரியதாழைக் கடக்கரைக் குடிசையில பொறந்தேன், அப்பா சங்கு குளிக்கப் போயி கடலோட போயிட்டாருன்னு எழுது" என்றார் அவள் அப்பா, கப்பல் ஏஜென்ட் செல்வின்.

"அது பொய்லா?"

"அமெரிக்காக்காரன் இங்கன வந்தா விசாரிக்கப் போறான்?"

எழுதி அனுப்பினாள். படித்தவர்கள் உருகிப்போனார்கள்.

"இன்னைக்கு வீடியோ கால்ல பேசுதாங்களாம். அம்மாவுக்கும் ஆறுதல் சொல்லணுமாம்" என்று ஸ்டெபி பதறிக்கொண்டு வந்தாள்.

செல்வின் பதறவில்லை. ஹாலில் தொங்கிய தன் படத்துக்குத் தானே மாலை போட்டார். பெட்ரூம் கதவைச் சாத்தும்போது மட்டும் தலையை நீட்டிச் சொன்னார்:

"புருசன் செத்தவ கழுத்துல இம்புட்டு நகை ஆகாது. உங்கம்மாவக் கழத்தி வைக்கச் சொல்லு."