முதிரங்குளத்துப் படம்

மல்கிரேவில், புலம்பெயர்ந்து வந்த நொயல் அங்கிளின் வீட்டு வரவேற்பறைத் தரையில், கையில் போனோடு றம்யா முழங்காலிட்டிருக்கிறாள். முன்னால் சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். வன்னிக் காட்டை வெட்டி முதிரங்குளத்தில் முதன்முதல் குடியேறியவர்கள், தாங்கள் கட்டிய மாதா கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஊரும் கோயிலும் போரோடு போய்விட்டன. அவள் சேர்த்துவரும் வன்னிப் படங்களில் அந்த ஊருக்கென்று கிடைத்திருப்பது இது ஒன்றுதான். படமோ ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. எப்படிப் பிடித்தாலும் யன்னல் வெளிச்சம் நடுவரிசையில் வந்து விழுகிறது; படத்திலுள்ள பாலைமரங்களுக்கு மேலே, வெளியில் நிற்கும் யூகலிப்டஸின் நிழல் கண்ணாடியில் ஆடுகிறது. “கழட்டிப்போட்டு எடுங்கோ பிள்ளை. நடுவில நிக்கிறது என்ர தம்பி. அவன்ர வேற படம் ஒண்டும் இல்லை,” என்கிறார் நொயல் அங்கிள். “கழட்டினால் முகமெல்லாம் கண்ணாடியோட வந்திடும் அங்கிள்,” என்று திரும்பவும் சொல்லும்போது அவள் குரலில் எரிச்சல் தட்டுகிறது. திரைச்சீலையை இழுத்தால் இருட்டு. விளக்கைப் போட்டால் கண்ணாடியில் மஞ்சள் வட்டம். கடைசியில் அவர் ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டை எடுத்துவந்து, யன்னலுக்கு முன்னால் விரித்துப் பிடிக்கிறார். வெளிச்சம் விலகுகிறது. ஓலைக்கூரை, பின்னால் காடு, வெறுங்கால்கள் எல்லாம் துலங்குகின்றன. நடுவில் நிற்கும் தம்பியின் கழுத்துக்கு மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம் மட்டும் படர்ந்திருக்கிறது. றம்யா போனைத் தாழ்த்துகிறாள்.

“இப்ப வடிவாத் தெரியுதோ பிள்ளை?” என்கிறார் அவர், கோட்டுக்குப் பின்னாலிருந்து.