பரணியின் மெமரி கார்டு

“மறுபடியும் போச்சாடா?”

படியேறிக்கொண்டிருந்த எபி நின்றான். கீழ் வீட்டு மகாலட்சுமியின் ஜன்னலைத் தாண்டி அந்த வீட்டில் ஓர் ஈகூட மேலே போக முடியாது.

“போச்சுக்கா. பன்னண்டு பாடத்துல ஏழு ஓப்பனே ஆகல. மிச்சம் அஞ்சுல கர்ர்னு சத்தம்தான்.”

“புதுக் கார்டு போட்டேன்னியே?”

“போட்டேன். ஃபார்மட்டும் பண்ணேன். என்ன வியாதின்னே தெரியல. திரும்ப முதல்லேர்ந்து படிக்கணும்.”

அலுத்துக்கொண்டாலும், அக்குளில் பொது அறிவுப் புத்தகத்தோடுதான் மேலே போனான். மகாலட்சுமிக்கு அதுதான் அதிசயம்.

முடிச்சூரில் எபியைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். குரூப் ஃபோர் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவன். புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது நிமிடம் குறட்டை. “இந்தத் தடவையும் இல்லேன்னா நாவலூருக்குப் போய் மாமாவோட கால் டாக்ஸியை ஓட்டு” என்று அவன் அம்மா அமலராணி கெடு வைத்தாகிவிட்டது.

அப்படிப்பட்டவன், மொட்டைமாடி அறையில் தனியாகக் குடியிருக்கும் பரணிக்காக உட்கார்ந்து வாசிக்கிறான்!

பரணி கோவளத்து மீன்கார வீட்டுப் பிள்ளை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. போன தடவை ஒரு மார்க்கில் கோட்டைவிட்டதாக அவனே சொல்லியிருந்தான். பட்டன்களைத் தடவியே இயக்கும் சின்ன மியூசிக் பிளேயர் ஒன்று அவனிடம் இருந்தது. பாட்டும் கேட்கலாம், குரலையும் பதியலாம். எபி அதில் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்வான். பரணி போட்டுக் கேட்பான். எல்லாம் முடிகிற நேரத்தில் கார்டு கெட்டுப்போகும். இது மூன்றாவது முறை.

மகாலட்சுமியின் மண்டை குடைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் குப்புராஜிடம்தான் எபியும் பிளேயரைக் காட்டியிருந்தான்.

“மிக்ஸிக்கு இன்னாக்கா?”

“அது கெடக்கட்டும். எபி கொண்டாந்த பிளேயருக்கு என்னவாம்?”

குப்புராஜ் குரலைத் தாழ்த்தினான். “கார்டும் சோக்கா கீது, பிளேயரும் சோக்கா கீது. ஓடிக்கினு இருக்கும்போதே எவனோ கார்டை உருவுறான். ஒரு தபான்னா தெரியாம பண்றது. மூணு தபான்னா வேணும்னே பண்றதுதான். எபியாண்ட சொல்லிக்கல, சண்டையாயிடும்.”

மகாலட்சுமி பஸ்ஸிலேயே தீர்ப்பை எழுதிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், காயாத துணியை எடுக்கும் சாக்கில் மாடியேறினாள்.

“தம்பி பரணி, அதே பரீட்சையை எழுதுறவன் கையிலயே உன் பாடத்தை ஒப்படைச்சிருக்கியே. நீ தோத்தா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாரு.”

பரணி சிரித்தான். “எபி அப்படிப்பட்டவன் இல்லக்கா. தயவுசெஞ்சு அவன்கிட்ட கேட்டுடாதீங்க. மனசு விட்டுடுவான்.”

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வெள்ளந்தியா என்று மகாலட்சுமி இறங்கி வந்தாள்.

ஆனால் அடுத்த ஒரு மாதமும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து வாசித்த எபியை அவளால் லேசில் எடைபோட முடியவில்லை. தொண்டை கட்டியது, விடவில்லை. கடினமான இடம் வந்தால் நிறுத்தி, “மச்சான், இதை இப்படி ஞாபகம் வச்சுக்கோ” என்று ஒரு கதையைக் கட்டிவிட்டான். வருடங்களை கிரிக்கெட் ஸ்கோராக மாற்றிச் சொன்னான். நடிக்கிறவனுக்கு இவ்வளவு தொண்டை கட்டாது என்று தோன்றியதும், மகாலட்சுமி ஒரு டம்ளர் சுக்குக் காப்பி அனுப்பினாள். சந்தேகத்தை மட்டும் அடுப்படியிலேயே வைத்துக்கொண்டாள்.

பரீட்சை அன்று எபி தாம்பரத்துக்குப் போனான். பரணி தனக்கு சென்டர் வேறு ஊரில் என்று சொல்லி விடியும்போதே ஆட்டோவில் கிளம்பினான்.

சில மாதங்கள் கழித்து ரிசல்ட் வந்தது. எபி செல்போனோடு இரண்டிரண்டு படியாகத் தாவினான். பின்னாலேயே மூச்சிரைக்க மகாலட்சுமி.

“மச்சான், உன் நம்பர் சொல்லு!”

“முதல்ல உன்னோடதைப் பாருடா.”

“என்னோடது கிடக்குது, உன்னோடதைச் சொல்லு.”

“பாருன்னா பாரு.”

எபி பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். “இருக்குடா! செலக்ட் ஆயிட்டேன்!” என்றவன், சிரிப்பதற்கு முன்பே முகம் வாடி, “உன்னோடது, மச்சான்?” என்றான்.

மகாலட்சுமி உதட்டைச் சுழித்தாள். போட்டிக்காரன் ஜெயித்துவிட்டான். அவள் அப்போதே சொன்னாளே!

“என் நம்பர் அந்த லிஸ்ட்ல இருக்காதுடா” என்றான் பரணி. “பரீட்சை அன்னைக்கு நான் கோவளத்துல அம்மா வச்ச வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். போன தடவை எழுதினதுலயே செலக்ட் ஆயிட்டேன். ஆர்டர் இப்போதான் வந்துச்சு, அடுத்த மாசம் கூடுவாஞ்சேரில வேலைக்குச் சேரணும்.”

“அப்போ இத்தனை நாள் நான் வாசிச்சது?”

“உனக்காகப் படிடான்னா பத்து நிமிஷத்துல தூங்கிடுவே. எனக்காகன்னா தொண்டை கிழிய எத்தனை தடவை வேணும்னாலும் படிப்பே. அதான் நீ ஒவ்வொரு தடவை முடிச்சதும் கார்டை நானே கெடுத்தேன்.”