பாதிச் சொல்

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் தம் கொள்கையை வகுப்புச் சுவரிடம் சொல்ல வேண்டும். பாடம் அதன்படி நடந்தால் சுவரில் பச்சை விளக்கு எரியும், இல்லையென்றால் சிவப்பு. "பிள்ளைகள் தாமே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்" என்று சொல்லியிருந்தார் மங்கையர்க்கரசி டீச்சர். தினமும் சிவப்புதான்.

"கொள்கைய மாத்திச் சொல்லிடுங்க டீச்சர். நாங்கல்லாம் அப்படித்தான் பச்சை வாங்கினோம்," என்றார் தலைமையாசிரியர். "இன்னிக்கும் சிவப்புன்னா உங்க ஆறாம் வகுப்ப வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"என் பிள்ளைங்க நல்லாத்தானே சார் பதில் சொல்லுதுங்க!"

வகுப்புக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்கினார். "பூமி சூரியனைச் சுற்று..."

"...கிறது!" என்று வகுப்பே அதிர்ந்தது. சிவப்பு எரிந்தது. பதிலில் பாதியைத் தானே கொடுத்துவிடுவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மழை ஏன் எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல பெய்யறதில்ல?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"டீச்சர், முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க!" என்று கெஞ்சினாள் பர்வீன்.

டீச்சர் தலையசைத்து மறுத்தார்.

"மேகம் நம்ம மலையில முட்டிக்குதே, அதனாலயா?" என்றான் கடைசி பெஞ்ச் மாரிச்செல்வம்.

"அப்போ மலையே இல்லாத ஊர்ல எப்படிடா பெய்யுது?" என்று அவன் பக்கம் திரும்பினாள் பர்வீன்.

வகுப்பு இரண்டு கட்சியாகிக் கத்தத் தொடங்கியது. அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாமல், சுவரைப் பார்க்கவும் மறந்து, டீச்சர் முதல் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார்.