தொட்டி மீன்

"சார், தோட்டக்காரரு சூசைமாணிக்கம் மீன் திருடுறாருங்க. வெள்ளனே வாளியோட தொட்டிப் பக்கம் போறத நானே பார்த்தேன்" என்றார் வாட்ச்மேன் செல்லப்பாண்டி.

ஞானவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொடைக்கானலில் கம்பளிக்குச் சாயம் போடும் அந்தத் தொழிற்சாலையில் அவர் சுற்றுச்சூழல் அதிகாரி. போபாலில் நடந்ததற்குப் பிறகு மெட்ராஸ் தலைமை அலுவலகம் புதிதாக உண்டாக்கிய பதவி அது.

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, ஓடையில் விடும் முன் ஒரு தொட்டியில் நிரப்பி, அதில் மீன் வளர்ப்பது அவருடைய யோசனை. மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். மேனேஜர்கள் கூட்டத்தில்கூட மீனைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் உற்பத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஓடைக்கு வரும் ஊர்ப் பெண்களும் வேலி ஓரம் நின்று மீனைப் பார்த்த பிறகே குடத்தில் தண்ணீர் மொள்வார்கள்.

அவர்களையும் இந்த சூசை சும்மா விடுவதில்லை. "இன்னைக்குத் தொட்டி கழுவுறோம், தண்ணி எடுக்காதீங்க, போங்க" என்று சில நாள் விரட்டுவதை ஞானவேலே கேட்டிருக்கிறார். திருட்டுக்குச் சாட்சி இருக்கக் கூடாதல்லவா!

மறுநாள் காலை தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள். மீன் தொட்டிக்குக் கேடயம் கொடுத்து, பெண்கள் தண்ணீர் மொள்வதைப் போட்டோ எடுக்கப் போகிறார்கள். அதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்று விடிந்ததுமே போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சூசை வாளியோடு வந்தார். தொட்டியில் குனிந்தார்.

"யோவ்! வாளியில என்ன?"

உள்ளே மீன்கள் துள்ளின.

"இன்னையோட உனக்கு வேலை கிடையாது, போ!"

"எடுக்க வரலீங்க சார். விட வந்தேன். தொட்டியப் பாருங்க."

தொட்டியில் அத்தனை மீனும் வயிறு வெளுக்க மிதந்தன.

"அப்பப்ப இப்படித்தாங்க செத்துக் கெடக்கு. மேலக் குளத்துல புடிச்சாந்து மாத்திருவேன்."

"ஏன் சொல்லல?"

"மீன் செத்தா ஒங்க சோலி போயிரும்னு பேசிக்கிட்டாங்க. புள்ளகுட்டிக்காரரு நீங்க. மனசு வரலீங்க."

"அந்தப் பொம்பளைங்க?"

"அன்னைக்கு மட்டும் அவுகளத் தண்ணி எடுக்க விடமாட்டேங்க. கழுவுறோம்னு பொய் சொல்லி அனுப்பிருவேன். பாவம், வஞ்சுக்கிட்டே போவாக."

ஞானவேல் கூனிக்குறுகிப் போனார். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்!

"மன்னிச்சிருங்க சூசை" என்றார். செத்த மீன்களை அள்ளி ஒதுக்கிவிட்டு, வாளியைத் தானே வாங்கித் தொட்டியில் கவிழ்த்தார். புது மீன்கள் விறுவிறுவென்று நீந்தின.

மேட்டில் ஜீப் வரும் சத்தம் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மாள் குடத்தோடு நின்றாள். பின்னால் இன்னும் சில பெண்கள்.

"ஆபீசரய்யாவே வந்திருக்கீகளா? மீனெல்லாம் நல்லாருக்குங்களா? தண்ணி மோந்துக்கலாமா?"

"இன்னைக்குத் தொட்டி…" என்று சூசை ஆரம்பித்தார்.

ஞானவேல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஜீப் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மீன் எப்படி நீந்துது பாருங்கம்மா! தாராளமா மோந்துக்குங்க."