தேய்மானம் தொடங்கும் நாள்

இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் தேய்மானம் என்பது அந்த பம்ப்செட் கம்பெனியின் கணக்குக் கொள்கை. தேய்மானம் கூடினால் வரி குறையும். புது லேத் ஆவணியிலேயே ஓடத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார் மேலாளர் நஞ்சுண்டன். பங்குனியில் தணிக்கைக்கு வந்த வசுமதி பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லா இயந்திரங்களிலும், ஆவணிக்குப் பின் வந்த ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கருத்திருந்தன. எடை மெஷினில் இருந்தது, வாட்ச்மேனின் சைக்கிளில்கூட இருந்தது. புது லேத்தின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு பூஜை போடலையா சார்?"

"போடாம இருப்பமுங்களா மேடம்? வாங்க, மொதல்ல டீ குடிக்கலாம்."

டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது லேத்தில் பொட்டு இருந்தது. வசுமதி தொட்டுப் பார்த்தாள். ஈரமாக விரலில் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையைத் தேடினாள்.

"சாமி குங்குமமுங்க, தொடைக்கக் கூடாது," என்றார் நஞ்சுண்டன். "நெத்தியில வெச்சுக்கங்க."

பட்டறையில் இயந்திரங்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.